உடன்கொண்டு சென்ற மூச்சு

ஏலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று மலையில் விளையும் நறுமணக் காய். மற்றொன்று போட்டியிட்டு விலை கேட்கும் வாணிப முறை. இரு பொருளும் ஒன்றுசேரும் ஊர் போடிநாயக்கனூர். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரில், மலைச்சரிவுகளில் விளைந்த ஏலக்காய் ஏலம் விடப்படுகிறது. காயை உலர்த்தும் கூடங்களிலும் தரம் பிரிக்கும் கிட்டங்கிகளிலும் பணிபுரிவோரின் ஆடையில் அதன் மணம் ஊறிவிடும். அவர்கள் பேருந்தில் ஏறினால் அருகில் அமர்ந்திருப்பவர் உடனே அறிவார், அவர்களோ அறியார். பழகிய மூக்கு தன் மணத்தை மறந்துவிடுகிறது.

அத்தகைய ஒருவரை முன்பின் அறியாத ஓர் இடத்துக்கு அனுப்பி, "அங்கே ஏலக்காய் மணம் உண்டா?" என்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்? உண்டு என்பாராயின், அது அவ்விடத்தின் மணமா, அவர் சட்டையின் மணமா? கோள்களின் மெல்லிய காற்றை அளக்கச் சென்ற விண்வெளிக் கருவிகளின் ஐம்பதாண்டு வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு வினாவோடு நடந்த போராட்டமே.

மெலியும் காற்று

போடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையின் உச்சியில் இருக்கும் போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேற்பட்டது. அடிவாரத்தில் ஏறியவர் மெட்டில் இறங்குவதற்குள் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மூக்குக்கும் நுரையீரலுக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால், காற்று மெலிந்து மெலிந்து, ஒரு மூலக்கூறு மற்றொன்றை முட்டாமலே நெடுந்தொலைவு பறக்கும் நிலை வரும். அந்த விளிம்பையே புறவளி மண்டலம் என்கிறோம். அங்கே காற்று என்பது ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும் கூட்டமன்று; தனித்தனியே எறியப்பட்ட கற்களைப் போல எழுந்து வீழும் துகள்களின் தொகுதி.

நிலவுக்கு இருப்பது இத்தகைய விளிம்பு மட்டுமே. கீழே வேறு வளிமண்டலம் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. நிலவின் இரவுப் பகுதியில் அதே இடத்துக்குள் இருப்பவை சில இலட்சம் மட்டுமே. நிலவைச் சூழ்ந்த காற்று முழுவதையும் திரட்டி நிறுத்தால் பத்து டன் அளவில்தான் தேறும் என்பது அறிஞர் மதிப்பீடு. போடியிலிருந்து புறப்படும் ஒரு சரக்கு லாரியின் சுமை அது! அந்தச் சிறு சுமை ஓர் உலகம் முழுவதும் விரிந்து கிடக்கிறது.

ஒளியால் அறிதலும் பிடித்து அறிதலும்

தொலைவிலுள்ள ஒரு பொருளின் சேர்மானத்தை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, அதன் ஒளியைப் பிரித்துப் பார்ப்பது. போடிக்கு வடகிழக்கே, பழனிமலை மீதுள்ள கொடைக்கானல் வானாய்வகத்தில் அவ்வழியே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பணி நடந்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். ஆனால், கோடி கோடியில் ஒரு பங்காக மெலிந்துவிட்ட காற்றில் பல வாயுக்கள் ஒளியில் தம் முகத்தை எளிதில் காட்டுவதில்லை. அங்கே இரண்டாம் வழி வேண்டும்: நேரே சென்று, துகளைப் பிடித்து, நிறுத்துப் பார்ப்பது.

நிறுத்துப் பார்த்தலின் அருமையை உணர்த்திய கதை ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து உண்டாக்கிய நைட்ரஜனைவிட ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு கனமாக இருப்பதை ராலே பிரபு கண்டார். மிகச் சிறிய வேறுபாடு. கைப்பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. தம் முறையில் எங்கே மாசு நுழைந்தது என்று தேடினார், திரும்பத் திரும்பச் சோதித்தார், வேறுபாடு நீங்கவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்து ஆராய்ந்ததில், யாரும் அறியாத ஒரு வாயு நம் காற்றிலேயே நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கலந்திருப்பது 1894இல் தெரியவந்தது. சோம்பேறி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டனர். முதலில் தன்னையே ஐயுற்றவர்தாம் புதியதைக் கண்டார். இந்த ஆர்கான் நிலவிலும் நமக்காகக் காத்திருந்தது.

இன்று விண்கலங்களில் செல்லும் நிறை நிறமாலைமானியின் வேலை, ஏலக்காயைத் தரம் பிரிக்கும் சல்லடையின் வேலையை ஒத்தது. துளையளவு மாறிய சல்லடைகளில் சலித்தால் 8 மில்லிமீட்டர் காய் ஒரு குவியலாகவும், 7 மில்லிமீட்டர் காய் மற்றொரு குவியலாகவும் பிரிந்துவிடும். கருவிக்குள் நுழையும் மூலக்கூறை முதலில் ஓர் எலக்ட்ரான் கற்றை தாக்கி, மின்னேற்றம் பெற்ற அயனியாக்குகிறது. பின்னர் அந்த அயனி இணையாக நிறுத்திய நான்கு தண்டுகளின் நடுவே செல்கிறது. தண்டுகளில் விரைந்து மாறும் மின்னழுத்தம் செலுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற நிறையுள்ள அயனி மட்டுமே நேராகக் கடந்து மறுமுனையை அடையும்; மற்றவை தடுமாறித் தண்டுகளில் மோதி அழியும். அழுத்தத்தை மாற்ற மாற்ற, சல்லடையின் துளை மாறும். இந்நான்முனை அமைப்பை ஜெர்மனியில் வோல்ஃப்காங் பால் 1953இல் உருவாக்கினார். 1989இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும், சல்லடை அளவைச் சொல்லுமேயன்றிப் பெயரைச் சொல்லாது. நிறை 28 என்று கருவி காட்டினால் அது நைட்ரஜனாகவும் இருக்கலாம், கார்பன் மோனாக்சைடாகவும் இருக்கலாம். எலக்ட்ரான் அடியால் உடைந்த கரியமிலவாயுவின் துண்டாகவும் இருக்கலாம். இரட்டை மின்னேற்றம் பெற்ற ஆர்கான் 20 என்ற இடத்தில் வந்து நின்று நியானைப் போல நடிக்கும். நிறை 18 நீரைக் குறிக்கும். ஆனால் யாருடைய நீர்?

ஏனெனில் எந்த விண்கலமும் மண்ணில் பிறந்தது. அதன் போர்வைகளிலும் பசைகளிலும் மின்கம்பி உறைகளிலும் பூமியின் ஈரம் ஒட்டியிருக்கிறது. வெற்றிடத்தை அடைந்ததும் அந்த ஈரம் மெல்ல மெல்லக் கசிந்து, கலத்தைச் சுற்றி ஒரு சிறு வளிமண்டலமாகிவிடுகிறது. கலம் எங்கே சென்றாலும் அதுவும் உடன் செல்கிறது.

பகலில் குருடான கருவி

1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவின் டாரஸ்–லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு நிறை நிறமாலைமானியை வைத்துவிட்டு வந்தனர். ஜான் ஹாஃப்மன் தலைமையிலான குழுவினரின் ஆக்கம் அது. பத்து மாத அளவு அது இயங்கியது. ஆனால் பகலில், வெயில் பட்டதும், அருகில் விடப்பட்ட இறங்குகலப் பகுதியும் ஏனைய கருவிகளும் வெளியிட்ட வாயு அதனை மூழ்கடித்தது. நிலவின் காற்றை அறிய வந்த கருவி, மனிதர் விட்டுச்சென்ற பொருள்களின் காற்றையே கண்டது. நம்பத்தகுந்த அளவீடு இரவில் மட்டுமே கிடைத்தது.

அந்த இரவுகள் வீண்போகவில்லை. ஹீலியமும் ஆர்கானும் நிலவில் இருப்பது உறுதியாயிற்று. இரவு ஏற ஏற ஆர்கான் குறைந்து, விடியலை ஒட்டித் திடீரென மிகுவதும் தெரிந்தது. இரவின் கடுங்குளிரில் தரையில் ஒட்டிக்கொள்ளும் ஆர்கான், கதிரவன் வெப்பம் பட்டதும் எழுகிறது. ஏலத்தோட்டத்து இலைகளில் இரவெல்லாம் படிந்த பனி காலையில் ஆவியாக எழுவதை மலைமக்கள் நாள்தோறும் காண்கிறார்கள். நீரும் காற்றும் ஓட்டமும் இல்லாத நிலவிலும் ஒரு விடியற்பனி உண்டு. அது ஆர்கானால் ஆனது.

ஆலயத்திலிருந்து நிலவுக்கு

நம் நாட்டில் இக்கலை வளர்ந்த இடம், போடியின் மலைத்தொடர் தெற்கே நீண்டு சென்று கடலை அணுகும் பக்கத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால் மேல்வளிமண்டல ஆய்வுக்கு அவ்விடம் தேவைப்பட்டது. அங்கே இருந்தது மீனவ மக்களின் ஊரும் புனித மகதலா மரியா ஆலயமும். விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை அணுகியதையும், ஆயர் ஞாயிறு வழிபாட்டில் மக்களையே கேட்டதையும், மக்கள் இசைந்ததையும் அப்துல் கலாம் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆலயம் அலுவலகமாயிற்று, பணிமனையாயிற்று. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் ராக்கெட் சோடிய ஆவியை மேலே தூவியது. மேல்வெளிக் காற்றின் போக்கைக் காண்பதே அதன் நோக்கம். ஆகவே, இந்திய விண்வெளிப் பணியின் முதல் வினாவே மெல்லிய காற்றைப் பற்றிய வினாதான்.

அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 'சேஸ்' என்னும் நான்முனைக் கருவியை ஆக்கியது. கொங்குநாட்டுக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்–1, 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்டது. நவம்பர் 14 அன்று அதிலிருந்து பிரிந்த நிலவு மோது கலம், மூவண்ணக் கொடியைத் தன் பக்கங்களில் தாங்கி, 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 நிமிடத்தில் தென்துருவத்தருகே போய் மோதியது. அதற்குள் இருந்தது சேஸ். ஏறத்தாழ நான்கு வினாடிக்கொரு முறை காற்றைச் சலித்துப் பதிவு செய்து, தாய்க்கலத்துக்கு அனுப்பிக்கொண்டே அது அழிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் கிடைத்தன. அவற்றுள் 18 என்ற இடத்தில் நீரும், 44 என்ற இடத்தில் கரியமிலவாயுவும் ஓங்கி நின்றன.

நிலவின் பகற்பகுதியில் நீராவி! ஆனால் உடனே அந்தப் பழைய வினா எழுந்தது. அளவிட்ட அழுத்தமோ எதிர்பார்த்ததைவிட மிகுதி. கலமோ மண்ணை விட்டு ஒரு மாதம்கூட நிறையாதது. இந்த நீர் நிலவுடையதா, பூமியிலிருந்து உடன்கொண்டு சென்றதா? ஆர். ஸ்ரீதரனும் குழுவினரும் கலம் பிரிவதற்கு முன்னும் பின்னும் கண்ட அளவுகளையும், இடத்துக்கு இடம் அவை மாறிய விதத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவர்கள் கட்டுரை 2010இல் வெளிவந்தது. இதற்கிடையே 2009 செப்டம்பரில், அதே சந்திரயானில் சென்ற அமெரிக்கக் கனிமவியல் கருவி, நிலவின் தரையில் நீரும் ஹைட்ராக்சிலும் இருப்பதை ஒளியின் வழியே கண்டதாக அறிவிப்பு வந்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. புகழ் பெரிதும் அங்கே சென்றது.

முந்திக் கண்டவர் பிந்திச் சொன்னதில் இழப்பு உண்டு என்பது உண்மையே. சேஸ் கண்ட அளவு முழுவதும் நிலவுடையதுதானா என்ற விவாதமும் அறிஞரிடையே எழுந்தது. ஆனால் 'இது என்னுடையதாக இருக்குமோ?' என்று கேட்டுத் தாமதித்தவர்களைக் குறைசொல்ல இயலாது. கேளாமல் முந்தியிருந்தால், அவர்கள் கண்டதன் மதிப்பு இன்னும் குறைந்திருக்கும்.

ஒழியாத ஈரம்

காலம் கழிந்தால் கலம் தன் மூச்சை இழந்துவிடாதா? அப்படித்தான் பலரும் எண்ணினர். 2004 மார்ச்சில் புறப்பட்ட ஐரோப்பிய ரொசெட்டா கலம், வால்வெள்ளியை அடையப் பத்தாண்டு பயணம் செய்தது. வழியில் அதன் 'ரோசினா' கருவி, காண்பதற்கு வேறு எதுவுமில்லாத வெற்றிடத்தில், கலத்தையே முகர்ந்து பார்த்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்கவைத்தது: ஆண்டுகள் பல கழிந்தும் கசிவு நிற்கவில்லை. நீர், பசைகளின் சிதைவு, உயவு எண்ணெயின் துணுக்குகள், உந்துபொறி எரிபொருளின் எச்சம் எல்லாம் இருந்தன. நெடுங்காலம் நிழலில் இருந்த ஒரு பக்கம் வெயிலுக்குத் திரும்பினால் வாயு குபுக்கென்று மிகுந்தது.

இதை அறிந்தது வீணாகவில்லை. கலத்தின் சொந்த மணப்பட்டியல் கையில் இருந்ததால்தான், 2014இல் வால்வெள்ளியை அடைந்தபின் கண்ட ஆக்சிஜனையும் கிளைசின் என்னும் அமினோ அமிலத்தையும் அவர்கள் துணிந்து வால்வெள்ளியினுடையவை என்று கூற முடிந்தது.

நம் மங்கள்யானும் இப்பாடத்தைத் தன் வழியில் கற்றது. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அக்கலத்தின் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் தமிழர். கலத்திலிருந்த 'மென்கா' கருவியின் ஆய்வை அனில் பரத்வாஜ் முன்னின்று நடத்தினார். கலத்தின் பாதை மிக நீண்ட முட்டை வடிவம். செவ்வாயிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் கருவி காண்பது பெரிதும் கலத்தின் மூச்சையே. அருகே, 260 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கி வரும்போது கூடும் பங்குதான் செவ்வாயின் மூச்சு. 2014 டிசம்பரில் மாலைநேரப் பகுதியைக் கடந்தபோது, ஏறத்தாழ 270 கிலோமீட்டருக்கு மேல் கரியமிலவாயுவை ஆக்சிஜன் அணுக்கள் விஞ்சுவதை அது காட்டியது. கனமானது கீழே தங்க, இலேசானது மேலே எழுந்து, நாளடைவில் வெளியே தப்பியும் விடுகிறது. ஒருகாலத்தில் ஆறுகள் ஓடிய செவ்வாய் எப்படி வறண்டது என்ற பெருங்கேள்விக்கு விடை தேடும் இடம் அந்த விளிம்புதான். 2022இல் மங்கள்யானின் பணி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

கல்லின் மூச்சு

2019 ஜூலை 22 அன்று புறப்பட்ட சந்திரயான்–2இன் இறங்குகலம் தரையில் மோதி உடைந்ததை நாடறியும். ஆனால் மேலே சுற்றிய தாய்க்கலத்தில் 'சேஸ்–2' இருந்தது. 25 நிமிட வாழ்வு பெற்ற அண்ணனுக்கு வாய்க்காத நீண்ட ஆயுள் தம்பிக்கு வாய்த்தது. ஒரே பாதையில் பலநூறு முறை சுற்றும்போது, மாறாமல் ஒட்டியிருப்பது எது, இரவு பகலுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவது எது என்று பிரித்தறியலாம். 2022இல் வெளியான அதன் முடிவு, வட தென் அகலாங்குகள் 60 பாகை வரை ஆர்கான் எவ்வாறு பரவியிருக்கிறது என்று காட்டியது. அப்பல்லோ ஓரிடத்தில் மட்டும் கண்டதை அது நிலவின் பெரும்பகுதிக்கும் விரித்தது. 2024 மே 10 அன்று சூரியனிலிருந்து பெருவீச்சு ஒன்று நிலவைத் தாக்கியபோது, அங்கே துகள்களின் அடர்த்தி பத்து மடங்குக்கு மேல் உயர்ந்ததையும் அதே கருவி பதிவு செய்தது.

நிலவின் ஆர்கான் எங்கிருந்து வருகிறது? பாறையிலிருந்து. பாறையிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பகுதி கதிரியக்கம் உடையது. 125 கோடி ஆண்டில் அதில் பாதி சிதையும். சிதைவதில் ஒன்பதில் ஒரு பங்கு அளவு ஆர்கானாகும். அது விரிசல்களின் வழியே கசிந்து வெளியேறுகிறது. போடியின் மேற்கு மலைகள் சார்னோக்கைட் என்னும் பழம்பாறையால் ஆனவை. சென்னை புனித தோமையார் மலையில் இருப்பதும் அவ்வினப் பாறையே. அதிலும் பொட்டாசியம் உண்டு. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள ஆர்கான் அநேகமாக முழுவதும் இவ்வாறு கற்கள் விட்ட மூச்சே. ஏலமலையின் பாறையும் நிலவின் பாறையும் ஒரே கடிகாரத்தின்படி ஒரே வாயுவை வெளியிடுகின்றன. பூமி அதைச் சேர்த்து வைத்தது. நிலவு இழந்துகொண்டே இருக்கிறது.

அளப்பவர் கடமை

இனி வருவது கவலைக்குரிய செய்தி. ஒவ்வொரு அப்பல்லோ இறக்கமும் நிலவின் காற்று முழுவதற்கும் ஏறக்குறைய நிகரான வாயுவை அங்கே விட்டது. பத்து டன் காற்றுள்ள ஓர் உலகில் ஓர் இறங்குகலத்தின் புகையே ஒரு புது வளிமண்டலம். இன்று பல நாடுகள் நிலவின் தென்துருவத்தை நோக்கிக் கலங்களை அனுப்புகின்றன. கதிரவன் ஒளி என்றும் படாத பள்ளங்களில் உறைந்திருக்கும் பழைய பனியைத் தேடியே அந்தப் பயணம். எரிபொருளின் புகையிலும் நீராவி உண்டு. அதுவும் அப்பள்ளங்களில் போய் உறையும். இயல்பான நிலையை முதலில் நன்றாக அளந்து வைக்காவிட்டால், பிற்பாடு எது நிலவின் நீர், எது நம் நீர் என்று பிரிப்பார் யார்?

அளக்க வருவோர் அளக்கப்படும் இடத்தையும் மாற்றுகிறார்கள் என்பதைப் போடி மக்களும் அறிவர். பொட்டிப்புரத்தில் மலைக்கடியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015இல் ஒப்புதல் தந்தது. மேலுள்ள ஒரு கிலோமீட்டர் பாறை, வேண்டாத துகள்களை வடிகட்டும் என்பதே அம்மலையைத் தேர்ந்ததன் காரணம். மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று மக்கள் கேட்டனர், வழக்குகள் எழுந்தன, 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஆய்வு வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் வழக்கன்று. ஆனால் 'நீங்கள் உடன் கொண்டுவருவது என்ன?' என்று அம்மக்கள் கேட்டது அறிவியலுக்குப் புறம்பான கேள்வியன்று. சேஸ் குழுவினரும் ரோசினா குழுவினரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி அதுவே.

ஐம்பதாண்டுகளில் கருவிகள் நுண்மை பெற்றன. சல்லடைத் துளைகள் சிறுத்தன. ஆனால் உண்மையில் வளர்ந்தது அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம். பிறிதொன்றின் மூச்சைக் கேட்க விரும்புவோர் தம் மூச்சைச் சற்றே அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்க இயலாதபோது அதன் அளவையாவது தெரிந்து கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தபின் எஞ்சுவது மிகச் சிறிதாக இருக்கலாம். கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் ஆர்கான் அணுக்கள், அவ்வளவே. எனினும் அது நிலவுடையது என்று தயங்காமல் சொல்லலாம்.